நோர்வேயிலிருந்து வந்த வெயில்

தொண்ணூற்றாறாம் ஆண்டு கண்டி மாநகரமே மழைக்காகக் கையேந்தி நின்றது. கட்டுக்கலைப் பிள்ளையாருக்கு அபிஷேகத்தின்மேல் அபிஷேகம் செய்து அவருக்குத் தடிமன் பிடிக்காத குறை. பள்ளிவாசலில் மழைத் தொழுகை, மாதா கோயிலில் செபமாலை, விகாரையில் பிரித் ஓதல். மகாவலியோ, கோழிக்குஞ்சு கால் நனையாமல் கடக்கிற அளவுக்கு மெலிந்து கிடந்தது. இத்தனை பேரும் ஒரு பக்கம் இழுக்க, மறுபக்கம் தனியொருவராய் நின்று மழை பெய்யக் கூடாது என்று மன்றாடினார் ஒரு மனிதர். பெயர் விமலநாதன். நீர்ப்பாசனத் திணைக்களத்தில் முப்பது வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றவர்.

மழையை நம்பிச் சம்பளம் வாங்கியவர் மழைக்கு எதிரியான காரணம், அவர் வீட்டுக் கூரையில் இருந்தது.

அவருடைய ஒரே மகன் விவேகானந்தன் ஒஸ்லோவில். மனைவி லீலாதேவியும் அங்கேதான். மருமகளின் பிள்ளைப்பேறு பார்க்கவென்று மூன்று மாத விசாவில் போனவர், முதல் பிள்ளையைப் பார்த்து, இரண்டாவதையும் பார்த்து, நாலாவது வருடமும் பார்த்துக்கொண்டே இருந்தார். ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் தொலைபேசி வரும்.

"அங்கை தனியக் கிடந்து என்ன செய்யிறியள்? இஞ்சை வாங்கோவன்."

"ஆர் தனிய? வீடு நிறையச் சனம்" என்று சொல்லி வைத்துவிட்டு, அந்தச் சனத்தைத் தேடி விமலநாதன் வீட்டைச் சுற்றிப் பார்ப்பார். சுவரில் ஒரு பல்லி இருக்கும். அதற்கும் வேறெங்கோ வேலை இருக்கும்.

அவர் வீடு இருந்த ஒழுங்கை, அந்தக் குறுகிய தெரு, ஒருகாலத்தில் இப்படி வெறிச்சோடிக் கிடந்ததில்லை. எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில் தமிழர் கடைகள் எரிந்தபோது, ஒழுங்கைத் தலைப்பில் சில்லறைக்கடை வைத்திருந்த முனாப், விமலநாதனையும் லீலாதேவியையும் தன் அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்துச் சோறு போட்டார். அதற்குப் பிறகு வீடுகள் ஒவ்வொன்றாய் இருண்டன. போகிறவர்கள் சொல்லிக்கொண்டு போவதில்லை. பயணத்தை வாய்விட்டுச் சொன்னால் தடங்கிவிடும் என்ற பயம். பின்னேரம் ஒரு வீட்டில் விளக்கு எரியவில்லையா, சரி, கனடாவோ இத்தாலியோ என்று மற்றவர்கள் விளங்கிக்கொள்வார்கள். முன்வீட்டு வலன்ரைன், ஒரே பத்திரிகையைப் பாதி பாதியாகப் பிரித்து விமலநாதனோடு காலமெல்லாம் படித்த மனிதர், அவரும் அப்படித்தான் போனார். அன்று காலை விமலநாதன் தன் பாதியை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வலன்ரைன் வீட்டுப் படலைவரை போய், அதில் தொங்கிய பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். மற்றப் பாதியில் என்ன செய்தி இருந்தது என்று அவருக்கு இன்றுவரை தெரியாது.

அணைகள் வற்றி மின்வெட்டு நாளுக்கு நாள் நீண்டதும் மகனுக்கு யோசனை வந்தது. நாங்கள் லீவில் வந்தால் பிள்ளைகள் இருட்டிலா இருப்பது என்று சொல்லி ஒரு பெட்டியை அனுப்பினான். நோர்வேக்காரர் மலைமேல் கட்டியிருக்கும் லீவுக் குடில்களுக்கென்று விற்கிற சோலார் தகடு, பச்சையும் சிவப்புமாய்க் கண் சிமிட்டும் ஒரு சின்னப் பெட்டி, சில குழல்விளக்குகள். பற்றரியை மட்டும் விமலநாதன் கண்டியில் வாங்கிக்கொண்டார். பாதி வருடம் வெயிலைக் கண்ணால் காணாத தேசம், வெயில் பிடிக்கிற பொறியைக் கண்டிக்கு அனுப்பியிருக்கிறது என்று விமலநாதன் கேட்டவர்களுக்கெல்லாம் ஒரு தரம் சொன்னார். கேளாதவர்களுக்கு இரண்டு தரம் சொன்னார்.

முதல் நாள் கண்டி முழுவதும் இருளில் கிடக்க, அவர் சுவிச்சைப் போட்டார். பல்லேகலையில் சேவல்கள் கூவியதாகவும், கலஹா பஸ் ஒன்று விடிந்துவிட்டதென்று நினைத்து மறுபடி புறப்பட்டதாகவும் கேள்வி. பற்றரியில் ஓடும் சின்னக் கறுப்பு வெள்ளை டீவி ஒன்றையும் அவர் வாங்கி வைத்ததும், அந்த வீட்டின் தலையெழுத்தே மாறிப்போயிற்று. முனாப் வந்தார். அவர் மனைவி றம்லத் அவித்த இடியப்பத்தோடு வந்தார். பக்கத்து வீட்டில் தனியாக இருந்த மேபல் டீச்சர் செபமாலையோடு வந்தார். விமலநாதனிடம் இருந்தவை இரண்டே கதிரைகள் என்பதால் அவரவர் கதிரையை அவரவர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நாளைக்கும் வரத்தானே போகிறோம் என்று அங்கேயே விட்டுப் போனார்கள். பிரம்புக் கதிரை, இரும்புக் கதிரை, ஒரு கால் குட்டையான கதிரை என்று விறாந்தை வரைக்கும் கதிரைக் கூட்டம்.

கூரையில் இருக்கும் சாமான் யாழ்ப்பாணத்தோடு பேசுகிற யந்திரமோ என்று விசாரிக்கப் பொலிஸ் சார்ஜன்ட் ஒருவரும் வந்தார். அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், கூரையில் ஏறினார், பற்றரியை முகர்ந்தார். இறங்குகிற நேரம் பார்த்து டீவியில் சிங்கள நாடகம் தொடங்கிவிட்டது. மறுநாள் சார்ஜன்ட் சீருடை இல்லாமல், சாரமும் சேட்டுமாகத் தன் கதிரையோடு வந்தார்.

"என்ன அங்கை ஒரே சத்தம்?" என்று லீலாதேவி தொலைபேசியில் கேட்டார்.

"சொன்னனான் தானே, வீடு நிறையச் சனம்" என்றார் விமலநாதன். முதன்முதலாக அது உண்மையாக இருந்தது.

மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. இனி இந்த வீட்டில் இருட்டு என்ற பேச்சே இல்லை என்று, அலுமாரியில் இருந்த மெழுகுதிரிகளை அள்ளி மேபல் டீச்சருக்குத் தானம் செய்தார். அதோடும் நிற்கவில்லை. மின்சாரக் கந்தோருக்குப் போய், என் வீட்டு இணைப்பை வெட்டிவிடுங்கள், எனக்கு உங்கள் தயவு தேவையில்லை என்று எழுதிக் கொடுத்தார். அங்கிருந்த கிளாக்கர் மெதுவாக, எப்போது பயணம் என்று கேட்டார். பயணம் ஒன்றும் இல்லை என்று இவர் சொல்ல, அப்படித்தான் எல்லோரும் சொல்வார்கள் என்பதுபோல் அவர் கண்ணைச் சிமிட்டினார். இணைப்பை வெட்டச் சொல்கிறவர்கள் நாட்டை விட்டுப் போகிறவர்கள்தான். வயரைக் கழற்ற வந்த ஆளும் அப்படியே நினைத்துக்கொண்டு முனாப்பின் கடையில் ஒரு பிளேன்ரீ குடித்துவிட்டுப் போனான்.

பெரஹரா ஊர்வலம் முடிந்த கையோடு வானம் உடைந்தது. பிள்ளையாரும் மாதாவும் மற்றவர்களும் பிந்தியதற்கு வட்டி சேர்த்துக் கொடுத்தார்கள். கம்பளையில் மீன்கள் பஸ் ஏறின என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள், சொல்லாமல் விடுகிறேன். அணைகள் நிரம்பின, மின்வெட்டு நின்றது, ஒழுங்கையில் எல்லா வீட்டிலும் விளக்கு எரிந்தது. முனாப் வீட்டில் கலர் டீவி கலகலத்தது.

விமலநாதன் வீட்டுக்கு ஒருவரும் வரவில்லை. கதிரையை எடுக்கவாவது வருவார்கள் என்று அவர் இருந்தார். கொட்டுகிற மழையில் கதிரைக்காக யார் வருவார்கள்? ஹந்தானை மலையே முகிலுக்குள் காணாமற்போயிருக்க, வெயில் எங்கே வரும்? சின்னப் பெட்டி சிவப்புக் கண்ணால் முறைத்தது. பிறகு அந்தக் கண்ணும் மூடிவிட்டது.

ஊரெல்லாம் வெளிச்சம், அவர் வீடு மட்டும் இருட்டு. மெழுகுதிரி வாங்குவதென்றால் முனாப்பின் கடைக்குத்தான் போக வேண்டும். போனால் அவருடைய நோர்வே வெயிலின் மானம் போய்விடும். வெளியே தலைகாட்டாமல், பகலிலேயே சோறாக்கிச் சாப்பிட்டார். பொழுதுபட்டதும் விறாந்தைக் கதவைப் பூட்டிவிட்டு உள்ளே கதிரைகளுக்கு நடுவே போய் உட்கார்ந்தார். ஒரு நாள் முனாப்பின் கதிரையில், ஒரு நாள் சார்ஜன்டின் கதிரையில். ஒவ்வொன்றிலும் ஒவ்வொருவரின் சாய்வு பதிந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை தொலைபேசி மட்டும் வந்தது.

"என்ன, சத்தமே இல்லை?"

"டீவியிலை அழுகிற கட்டம். எல்லாரும் உறைஞ்சுபோய் இருக்கினம்."

"ஏனப்பா உங்கடை குரல் அப்பிடி?"

"நானும் பாக்கிறனான் தானே."

மகனை விசாவுக்கு எழுதிப் போடச் சொல்லட்டுமா என்று லீலாதேவி கேட்டார். வாற கிழமை சொல்கிறேன் என்றார் விமலநாதன். முன்னெல்லாம் வரமாட்டேன் என்பதை வலன்ரைனின் வீட்டுக்குக் கேட்கும்படி சொல்கிறவர் அவர்.

அடுத்த ஞாயிறு மழை சற்று விட்டிருந்தது. பொழுதுபடுகிற நேரம், பதில் சொல்ல வேண்டிய நேரமும் நெருங்க, அவர் மேபல் டீச்சரின் பிரம்புக் கதிரையில் இருந்தார். படலை திறந்தது. முனாப்பின் குரலும் மேபல் டீச்சரின் குரலும். அவசரத்துக்கென்று கொடுத்து வைத்த சாவி முனாப்பிடம் இருந்தது. கதிரைகளை எடுக்க வருகிறார்கள். விமலநாதன் செருமியிருக்க வேண்டும். ஆனால் போய்விட்ட மனிதனைப் பற்றி என்ன பேசுகிறார்கள் என்று கேட்கும் பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்? வந்த சிரிப்பை அடக்கி மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

"வயர் கழட்ட வந்தவன் அப்பவே சொன்னான், டீச்சர். நான்தான் நம்பல்ல" என்றார் முனாப்.

"ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கலாம். யாரு பிடிச்சு வைக்கப் போறோம்?"

பூட்டில் சாவி நுழையாமல் கொஞ்சம் தடுமாறியது.

"அரிசி மூட்டைக்குப் பின்னால வெச்சுப் பாத்தவன் நான். எனக்குமா சொல்லப்படாது?"

விமலநாதனுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. அந்தக் குரல் அவருக்குத் தெரிந்த குரல். பாதிப் பத்திரிகையோடு படலையில் நின்றபோது அவருக்குள்ளே கேட்டதும் அதுதான்.

கதவு திறந்தது. டோர்ச் வெளிச்சம் கதிரை கதிரையாக வந்து அவர் முகத்தில் நின்றது. மேபல் டீச்சரின் குடை கீழே விழுந்தது.

"நான் ஒரு இடமும் போகேல்லை" என்றார் விமலநாதன்.

முனாப் டோர்ச்சை இறக்கவில்லை. "அப்ப ஏன் இருட்டுல ஈக்கிறீங்க?"

கதை அளக்கிறதென்றால் விமலநாதனுக்கு ஆயிரம் வழி தெரியும். அன்றைக்கு உள்ளதைச் சொன்னார்.

"மெழுகுதிரி எல்லாத்தையும் டீச்சரிட்டைக் குடுத்திட்டன்."

மேபல் டீச்சர் குடையை எடுத்து மடித்தார். "நான் அதுல ஒன்னக்கூடப் பத்த வைக்கலைங்க. எல்லா நாளும் இங்கதானே இருந்தேன்."

முனாப் டோர்ச்சைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தன் இரும்புக் கதிரையைத் தூக்கினார். நாளைக்கே கந்தோருக்குப் போய் வயரைத் திரும்பப் பூட்டச் சொல்ல வேண்டும், தானும் கூட வருவதாகச் சொன்னார். திட்டுகிற தொனியில்தான் சொன்னார்.

"டீவி பாக்க வாங்க, உங்கட கதிரையையும் தூக்குங்க. நம்மட வீட்டுலயும் இரிக்க எடமில்ல."

விமலநாதன் தன் கதிரையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு படலையைத் தாண்டும்போது, உள்ளே தொலைபேசி அடித்தது.

"நோர்வேயா ஈக்கும்" என்றார் முனாப்.

"ஓம். அடிக்கட்டும்" என்றார் விமலநாதன். "வீட்டிலை ஒருத்தரும் இல்லை."

ஒழுங்கையின் பாதிவரை அது கேட்டுக்கொண்டே வந்தது. கதிரைக்குக் கீழே அவர் முகம் எப்படி இருந்தது என்று டோர்ச் வைத்திருந்தவருக்கும் தெரியாது.