மேல ஏறாத நாயனம்

முழங்கால் ரெண்டும் கழன்று விழுகிற மாதிரி வலித்தது சங்கிலிமுத்துவுக்கு. வெம்பக்கோட்டையிலிருந்து விருதுநகர் வரை பஸ்ஸில் நின்றே வந்தவர், காது டாக்டரம்மா முன்னால்தான் உட்கார்ந்தார்.

டாக்டரம்மா அவருக்குக் கேட்கும்படி உரக்கச் சொன்னார். "தவில் மாதிரி கனத்த சத்தம் கேக்குது. கீச்சுச் சத்தம் போயிருச்சு. வயசு பாதி, வெடி பாதி. போனது வராது. இருக்கிறதையாவது காதை மூடிக் காப்பாத்துங்க."

"பட்டாசுக் கம்பெனியில குடுத்த காதடைப்பை வேப்பமரத்துல மாட்டிட்டுல்ல நின்னாக" என்றாள் மனைவி பொன்மணி. "காதை மூடிட்டா வெடியோட தரம் எப்படித் தெரியும்னு பேச்சு வேற."

முப்பது வருசமாக வெடியைக் கொளுத்திப் பார்த்துத் தரம் சொன்ன காது அது. அதனால்தான் போன வருசம் கோயில் பொங்கலில் நாயனம் வாசித்த பாண்டியைப் பார்த்து அவர் சொன்னதை ஊரே நம்பியது.

"ஏலே பாண்டி, நாயனம் மேல ஏறவே மாட்டேங்குது. மூச்சில்லேன்னா உறைக்குள்ள போடுலே."

எல்லாரும் சிரித்தார்கள். இந்த வருசம் பாண்டியைக் கூப்பிடவில்லை. வந்த புது ஆளும் கன்னம் புடைக்கத்தான் ஊதினான். ஆனால் சங்கிலிமுத்துவின் காதுக்கு அந்த நாயனமும் மேல் ஸ்தாயிக்கு ஏறவில்லை. அப்போதுதான் தன் காதின் மேல் சந்தேகம் வந்தது.

வெளியே வந்ததும் பொன்மணியிடம் கேட்டார். "அன்னைக்குப் பாண்டி நல்லாத்தான் ஊதினானா?"

"எனக்கு அழுகையே வந்துருச்சு. உங்க வாய்க்குப் பயந்துதான் பேசாம இருந்தேன்."

அந்த வாசிப்பை ஒரே ஒரு தடவை முழுசாகக் காதில் வாங்கிவிட மாட்டோமா என்று மனசு கிடந்து தவித்தது. அது இனி நடக்காது. அதே கோயில் வாசலில், ஊர் கூடியிருக்கும்போது, "குறை பாண்டி மூச்சுல இல்ல, என் காதுல" என்று சொல்ல வேண்டியது மட்டும் பாக்கி இருக்கிறது.