உள்பக்கத்து வீக்கம்

பல்லேகல பஸ் ஹோல்டை நெருங்கும்போது ஐரின் டீச்சருக்கு முதலில் கேட்டது வெடி கொளுத்தியதுபோல ஒரு சத்தம்தான். அடுத்த கணம் கார் இடது பக்கம் இழுத்தது. ஸ்டியரிங்கை வலது பக்கம் ஒடித்தாள், அது கேட்கவில்லை. பிரேக்கை மிதித்தாள். கார் நடைபாதையில் ஏறி, பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்துகொண்டிருந்த ஒரு மனிதரை மதிலோடு சேர்த்து நெரித்துக்கொண்டு நின்றது.

அவர் கத்தவில்லை. கையிலிருந்த சாப்பாட்டுப் பார்சலைக் கீழே விடாமல் பிடித்தபடி, ஏதோ கேட்கப் போகிறவர்போல அவளைப் பார்த்தார். கத்தியதெல்லாம் சுற்றி நின்றவர்கள்தான்.

ராஜலிங்கம் என்ற அவர் பெயர் பொலிஸ் நிலையத்தில்தான் அவளுக்குத் தெரியவந்தது. கெலிஓயாவிலிருந்து பஸ் மாறி வந்து, பல்லேகலயில் ஒரு தொழிற்சாலையில் மெஷின் ஓட்டுகிறவர். அன்று மாலையே இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

ஐரினின் கணவன் லக்ஸ்மன் வேலை செய்யும் வங்கியிலிருந்து ஓடிவந்து பிணைக்குக் கையெழுத்து வைத்தான். ஸ்டேஷன் முற்றத்தில் நசுங்கிய முகத்தோடு கார் நின்றது; முன் இடது டயர் ரிம்மில் கந்தல் கந்தலாகத் தொங்கியது. வீட்டு வாளியில் கீறல் விழுந்தால்கூடக் கையிலெடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறவன், அந்தப் பக்கம் தலையைத் திருப்பவே இல்லை. தன்மேல் உள்ள கரிசனையில் காரை மறந்துவிட்டான் என்று ஐரின் நினைத்தாள். அவன் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். "இப்ப போகாதே, அவங்க கோவத்துல இருப்பாங்க" என்று லக்ஸ்மன் தடுத்தும் கேட்கவில்லை. வார்ட்டில் ராஜலிங்கம் மருந்து மயக்கத்தில் கிடந்தார். அவர் மனைவி சுந்தரி கட்டிலருகே நின்று போர்வையைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

"நான்தான் அந்தக் கார்..." என்று ஐரின் தொடங்கினாள்.

"தெரியும். எதுக்கு வந்தீங்க?"

"பாக்கணும்னு தோணுச்சு."

"பாத்துட்டீங்கதானே." சுந்தரி குரலை உயர்த்தவில்லை. "உங்க மேல தப்பில்ல, டயர் வெடிச்சதுன்னு பொலிஸ்ல பேசிக்கிறாங்க. அப்ப நாங்க யாருகிட்டப் போய்க் கேக்கிறது? அந்த டயருகிட்டயா?"

ஐரின் திரும்பி நடந்தாள். கொண்டுபோன பழப்பையைத் திரும்பத் தூக்கிக்கொண்டே பஸ் ஏறினாள்.

லோயர் ஷெரோன், லக்ஸ்மனின் சித்தப்பா மகள். கண்டி டவுனில் நீதிமன்றத்துக்குக் கிட்ட அவளுக்கு ஒரு சின்ன அறை இருந்தது. இருவரையும் உட்காரவைத்து விஷயத்தை விளக்கினாள்.

"அண்ணி, கவனயீனமா ஓட்டிக் கடும் காயம் உண்டாக்கினதா உங்கமேல கேஸ். கவனயீனம்னு அவங்கதான் நிரூபிக்கணும். டயர் திடீர்னு வெடிச்சா அதை ஓட்டினவங்க தலையில கட்ட முடியாது. பழுதுன்னு முன்னமே தெரிஞ்சிருந்தா, இல்லாட்டி பாத்தாலே தெரியிற மாதிரி இருந்திருந்தா, அது வேற கதை. உங்களுக்கு ஏதாச்சும் தெரியுமா?"

"ஒண்ணுமே தெரியாது."

"வாகனத்தைப் பரிசோதிச்சவரும் டயர் கிழிஞ்ச கிழிசல்ல முன்னால பழுது இருந்துச்சான்னு சொல்ல முடியாதுன்னுட்டார். அப்ப நீங்க வெளிய வந்துருவீங்க."

"அந்த மனுஷனுக்கு?"

ஷெரோன் பேனாவைக் கீழே வைத்தாள். "யார் மேலயும் தப்பில்லன்னு ஆச்சுன்னா இன்சூரன்ஸ்காரன் குடுக்க மாட்டான். அவன் குடுக்கிறது உங்க பொறுப்புக்காக. உங்களுக்கே பொறுப்பில்லன்னா அவன் எதுக்குக் குடுக்கிறான்? அவங்களுக்கு வேணும்னா ஒரு வழி இருக்கு. டயரை எங்க வாங்கினீங்க?"

"திகனையில" என்றாள் ஐரின். "அஸ்ஃபர் கடையில."

"அப்ப பழுதான டயரை வித்தார்னு அவர் பக்கம் தள்ளலாம். அவர்மேல வழக்குப் போடட்டும். என்ன அண்ணா சொல்றீங்க?"

லக்ஸ்மன் மேசை விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். "அப்படியும் செய்யலாம்" என்றான்.

அந்த வார்த்தை ஐரினுக்கு ஒட்டவில்லை. அஸ்ஃபர் அவர்களுக்குப் புது ஆளல்ல. அவர்கள் வீட்டுக்கு நடந்து போகிற தூரத்தில்தான் அவன் கடை. முஸ்லிம்களின் கடைகளைக் கொளுத்திய கலவரத்தில் எரிந்து சாம்பலான கடையை அவன் திரும்பக் கட்டியெழுப்பியதை அவள் கண்ணால் கண்டிருக்கிறாள். திகனையில் அவனைப் பற்றி அப்படி ஒரு பேச்சுக் கிளம்பினால் என்ன ஆகும் என்பதை யாரும் அவளுக்குச் சொல்லத் தேவையில்லை. உண்மையிலேயே அவன் கெட்ட டயரை விற்றிருந்தால் அது வேறு. அதை அவன் வாயாலேயே கேட்டுவிடலாம் என்று அடுத்த நாள் பாடசாலை விட்டதும் நேரே கடைக்குப் போனாள்.

அஸ்ஃபர் ஒரு லொறிச் சக்கரத்தை உருட்டிக்கொண்டு வந்தவன், அவளைக் கண்டதும் அதைச் சுவரில் சாய்த்துவிட்டான். கதிரையைத் துடைத்துப் போட்டான்.

"அந்த மனுசனுக்கு எப்படி ஈக்கி, டீச்சர்?"

"கால் போயிருச்சு."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். ஐரின் சுற்றி வளைக்காமல் கேட்டாள். "நீங்க தந்த டயர் எப்படி அஸ்ஃபர் வெடிச்சது? அதுல ஏதும் கோளாறு இருந்துச்சா?"

அவன் நிமிர்ந்து பார்த்த பார்வையில் பயத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம் இருந்தது.

"லக்ஸ்மன் சேர் உங்கக்கிட்ட ஒண்டும் சொல்லல்லையா?"

"என்னத்தை?"

அஸ்ஃபர் ஒரு துணியை எடுத்தான். கையிலிருந்த கறுப்பைத் துணியில் துடைத்தான். துடைத்த பிறகும் துடைத்தான்.

"அதுக்கு முந்தின கிழமை சேர் வந்தார். ரோட்டுல பெரிய மடுவுல வுழுந்துட்டு, ஸ்டியரிங் நடுங்குதுன்னார். வீலைக் கழட்டிப் பாத்தா உள்பக்கம் வீங்கி ஈக்கி, கோழிமுட்டை கணக்கா. வெளிய நிண்டு பாத்தா ஆருக்கும் தெரியாது. சேரைக் கூப்பிட்டுக் காட்டினேன். இதப் போட்டு ஓட ஏலாது, எந்த நேரமும் வெடிக்கும்னு சொன்னேன். அந்த சைஸ் கடையில இல்ல, ரெண்டு நாள்ல எடுத்துத் தாரேன்னேன். சேருக்கு மீட்டிங், அவசரம். மெதுவா ஓட்டிக்கிறேன், பூட்டிக் குடுன்னார்."

"நீங்க பூட்டிக் குடுத்தீங்க."

"குடுத்தேன்." அவன் அதை மறுக்க முயலவில்லை. "பழகின மனுசன், முகத்த முறிக்க ஏலாதுன்னு குடுத்தேன். என்ட கையால பூட்டின டயர், டீச்சர். புது டயர் வந்து கடையில கிடக்கு, சேர் எடுக்க வரவே இல்ல. கோர்ட்டுல கூப்பிட்டா இதத்தான் சொல்லுவேன். நானாப் போய்ச் சொல்றதுக்குப் பயம். எங்கட பேர் ஒரு தடவ வாயில வுழுந்தாப் போதும், இந்த ஊர்ல."

வீட்டுக்கு வந்த ஐரின் விளக்கையும் போடாமல் முன் அறையிலேயே உட்கார்ந்திருந்தாள். லக்ஸ்மன் வந்து சப்பாத்தைக் கழற்றக் குனிந்தான்.

"டயர் வீங்கியிருந்தது உங்களுக்குத் தெரியுமா?"

குனிந்தவன் அப்படியே இருந்தான். நாடாவைப் பிடித்த விரல்கள் அசையவில்லை. அதிலேயே அவளுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

"சனிக்கிழமை மாத்துவோம்னு இருந்தேன்" என்றான் கடைசியில். "நான்தானே ஓட்டுறேன், பேங்குக்கும் வீட்டுக்கும்தானேன்னு நெனச்சேன். அன்னிக்குக் காலையில பஸ் இல்லன்னு நீ காரைக் கேட்டப்ப நான் போன்ல இருந்தேன். நீ என்ன கேட்டேன்னு கூடச் சரியா விளங்கல. தலையை ஆட்டிட்டேன்."

"பெறகு ஞாபகமே வரலயா?"

அவன் மீண்டும் சப்பாத்து நாடாவில் கை வைத்தான்.

"சொல்லுங்க. ஞாபகம் வந்துச்சா இல்லையா?"

"வந்துச்சு. நீ கேட்டைத் தாண்டினவுடனே வந்துச்சு."

"அப்ப ஏன் கூப்பிடல?"

"போனைக் கையில எடுத்தேன். ஓட்டிக்கிட்டிருப்பே, போன் அடிச்சா தடுமாறுவேன்னு..." அவன் நிறுத்தினான். தனக்கே அது பொய்யாகக் கேட்டிருக்க வேண்டும். "இல்ல. ஒரு நாள்தானே, என்ன ஆகப்போகுதுன்னு நெனச்சேன், ஐரின். அவ்வளவுதான். நீ ஏசுவேன்னும் நெனச்சேன்."

இத்தனை நாளும் அந்த மனிதரின் காலை மட்டுமே நினைத்துக்கொண்டிருந்தவள், அதே காருக்குள் தானும் உட்கார்ந்திருந்ததை இப்போதுதான் நினைத்தாள்.

"நான் செத்திருந்தா?"

லக்ஸ்மன் முகத்தைப் பொத்திக்கொண்டான். அழுகிறானா என்று அவள் பார்க்கவில்லை. அவன் தேறியபின் பேசிய பேச்சுத்தான் அவளை அதிகம் காயப்படுத்தியது.

"யோசிச்சுப் பாரு. உனக்குத் தெரியாது, அதனால நீ குற்றவாளி இல்ல. நான் ஓட்டல, என்னை யாரும் கேக்கல. ரெண்டு பேரும் தப்பிச்சுக்கலாம். நான் வாயைத் திறந்தா வேலையும் போகும், மானமும் போகும்."

"அஸ்ஃபர் தலையில கட்டிட்டு?"

"அவனும்தானே பூட்டிக் குடுத்தான்."

"அவன் ஓட வேணாம்னு சொன்னான். நீங்க எனக்கு அதையும் சொல்லல." அவள் எழுந்தாள். "அடுத்த கோர்ட் தவணைக்கு முன்னால நீங்களே போய்ச் சொல்லுங்க. இல்லாட்டி கூண்டுல நின்னு நான் சொல்லுவேன். பொண்டாட்டி புருஷனைக் காட்டிக்குடுத்தான்னு ஊர் சொல்லட்டும்."

அந்த வாரம் முழுக்க இருவருக்கும் தேவையான பேச்சு மட்டும்தான். சோறு போட்டாள், அவன் சாப்பிட்டான். ஞாயிறு கோயில் பூசையில், பாவத்தோடு வாங்கக்கூடாத நற்கருணைக்கு எல்லோரும் வரிசையில் நகர்ந்தபோது லக்ஸ்மன் வாங்கில் உட்கார்ந்தபடியே இருந்துவிட்டான். கடந்து போனவர்கள் முழங்காலை இடித்துக்கொண்டு போனார்கள். திங்கட்கிழமை அவனாகவே, "ஷெரோன்கிட்டப் போவோம், வா" என்றான்.

ஷெரோன் கேட்டு முடித்ததும் முதலில் கோபப்பட்டாள். "அன்னிக்கு இந்தக் கதிரையில உக்காந்துகிட்டுத்தானே அண்ணா அஸ்ஃபர்மேல போடலாம்னதுக்குச் சரின்னீங்க!" பிறகு குரல் தாழ்ந்தது. "இனி உங்க ரெண்டு பேருக்கும் நானே நிக்க முடியாது. அண்ணிக்கு நல்லது உங்களுக்குக் கெட்டது. உங்களுக்கு வேற லோயர் பாக்கணும்."

கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் எல்லாவற்றிலும் ஒரே கையெழுத்தாக இருந்தவர்கள், அன்று அந்த அறையிலிருந்து எதிரெதிர்க் கட்சிக்காரர்களாக வெளியே வந்தார்கள்.

லக்ஸ்மன் பொலிஸில் வாக்குமூலம் கொடுத்தான். அஸ்ஃபரும் போய்ச் சொன்னான். அவனைச் சாட்சியாக எடுத்துக்கொண்டார்கள். 'பூட்டிக் குடுத்த நீயும் பங்காளிதான்' என்று சார்ஜன்ட் ஏசியதைத் தவிர வேறொன்றும் நடக்கவில்லை. ஐரினை நீதவான் விடுவித்தார். பழுதென்று தெரிந்தே வாகனத்தை வீதியில் விட்ட உரிமையாளன் என்று லக்ஸ்மன்மேல் வழக்கு வந்தது. குற்றத்தை ஒப்புக்கொண்டான். சிறைத்தண்டனையை ஒத்திவைத்து, அபராதம் விதித்தார்கள். வங்கி அவனை விசாரணை முடியும்வரை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டது. ராஜலிங்கத்தின் நட்டஈட்டு வழக்கு மாவட்ட நீதிமன்றத்தில் தனியாக ஓடுகிறது. இன்சூரன்ஸ்காரர்கள் ஒவ்வொரு தவணையிலும் ஏதோ ஒரு காரணம் சொல்கிறார்கள். ஆனாலும் பொறுப்பு இன்னாருடையது என்று இப்போது ஒரு பெயர் இருக்கிறது, இழுத்தடிக்கலாமே தவிர இல்லையென்று சொல்ல முடியாது என்கிறார் ராஜலிங்கத்தின் லோயர்.

லக்ஸ்மனுக்குத் தீர்ப்பு வந்த அன்று நீதிமன்ற நடையில் சுந்தரி இவர்களுக்கு எதிரே வந்தாள். பின்னால் ஊன்றுகோல்களுடன் ராஜலிங்கம், ஒவ்வோர் அடியையும் யோசித்து வைத்தபடி வந்தார். லக்ஸ்மன் கைகளைக் கூப்பினான். "என்னை மன்னிச்சுக்குங்க" என்றான். ராஜலிங்கம் அவனைப் பார்த்துவிட்டு, சுவரில் சாய்ந்துகொண்டார்.

சுந்தரி அவனை ஏசுவாள் என்றே ஐரின் எதிர்பார்த்தாள். ஏச அவளுக்கு உரிமையும் இருந்தது. ஆனால் சுந்தரி ஐரினை ஒரு தடவை, லக்ஸ்மனை ஒரு தடவை மாறி மாறிப் பார்த்தாள்.

"வெடிக்கும்னு தெரிஞ்சிருந்துமா இவங்களை அந்தக் கார்ல அனுப்புனீங்க?" என்று கேட்டாள். "சொந்தப் பொண்சாதியை?"

லக்ஸ்மன் தரையைப் பார்த்தான். சுந்தரி பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கணவனின் கக்கத்தில் கைகொடுத்துப் படிகளை நோக்கிப் போய்விட்டாள்.

திரும்புகிற பஸ்ஸில் இரண்டு பேர் சீட் ஒன்று காலியாக இருந்தது. லக்ஸ்மன் யன்னல் பக்கம் அவளுக்கு இடம் விட்டு நின்றான். ஐரின் உட்கார்ந்தாள். அவன் பக்கத்தில் உட்கார்ந்தபோது அவள் நகரவில்லை. அவன் பேச வாயெடுத்தபோது, "இப்ப வேணாம்" என்றாள். பஸ் குண்டசாலையைத் தாண்டிப் பல்லேகலயை நெருங்கும்வரை இருவரும் அப்படியே இருந்தார்கள்.