அனந்தமதியின் விரதம்

அனந்தமதி அந்த விரதத்தை எடுக்கவே இல்லை. எடுத்ததாக மற்றவர்கள் நினைத்துக்கொண்டார்கள். நினைத்தால் நினைக்கட்டும் என்று அவள் விட்டுவிட்டாள். வந்த வினையெல்லாம் அப்படி விட்டதால் வந்ததுதான்.

செஞ்சியில் திருவண்ணாமலை சாலைக்குப் பின்தெருவில் அவர்கள் வீடு. கணவர் சாந்திராஜ் வேர்க்கடலை வியாபாரி. சமணக் குடும்பம். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடித்துவிட வேண்டும். விளக்கேற்றிய பிறகு அந்த வீட்டில் யார் வாயிலும் எதுவும் போகாது. செஞ்சிக்காரர்களுக்கு இதில் கூடுதலாக ஒரு தொல்லை. ராஜகிரி மலை மேற்கே மறித்து நிற்பதால் மற்ற ஊர்களுக்கு முன்பே இங்கே சூரியன் காணாமல் போய்விடும். மலைக்கு அந்தப் பக்கம் இன்னும் வெயில் இருக்கிறதே என்று வாதாடலாம். சாந்திராஜிடம் அந்த வாதம் செல்லாது.

அனந்தமதி கைபேசியில் தொடர்கதை எழுதுகிறவள். செயலியில் தினம் ஓர் அத்தியாயம். ஏழாற்று நாடு என்று ஒரு தேசத்தையே உண்டாக்கி வைத்திருந்தாள். எந்த ஆறு எந்த மாதம் வற்றும், எந்தக் கோட்டைக்கு எத்தனை வாசல், இறந்தவர் பெயரை எத்தனை வருஷம் கழித்துப் பிள்ளைக்கு வைக்கலாம் என்று எல்லாவற்றுக்கும் சட்டம் போட்டிருந்தாள். சொந்த வீட்டுப் பீரோ சாவியை நாளெல்லாம் தேடுவாள். அந்த நாட்டுச் சுங்கச்சாவடி எங்கே என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள்.

ஒருநாள் மாடியறையில் எழுதும் மும்முரத்தில் நேரம் போனதே தெரியவில்லை. கீழே இறங்கி வந்தால் விளக்கேற்றியாகிவிட்டது. அடுத்த தெருவில் இருக்கும் நாத்தனார் ஜினப்பிரியா வந்து உட்கார்ந்திருந்தாள்.

"இன்னா அண்ணி, சாப்பிடவே வரல. எதுனா விரதமா?"

"ம்" என்றாள் அனந்தமதி. கதை எழுதிக்கொண்டிருந்தேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான்.

மறுநாள் சாயங்காலம் ஓர் அதிசயம் நடந்தது. யாருமே மாடிக் கதவைத் தட்டவில்லை. காபித்தூள் எங்கே, கேஸ் புக் பண்ணியாச்சா, என் சட்டைப் பட்டன் எங்கே என்று ஒரு குரலும் வரவில்லை. "அண்ணி விரதத்துல இருக்காங்க, தொந்தரவு பண்ணாதீங்க" என்று ஜினப்பிரியா அண்ணனுக்கே உத்தரவு போட்டுவிட்டுப் போயிருந்தாள். எழுதுகிறேன் என்று வருஷக்கணக்கில் கெஞ்சியபோது கிடைக்காத மரியாதை இது. கதைக்கு மூடாத கதவு விரதத்துக்கு மூடியது. அனந்தமதிக்குக் கோபமும் வந்தது, சந்தோஷமும் வந்தது. சாயங்காலம் ஒரு வாய் சாப்பிட்டால் கதவு மறுபடி திறந்துவிடும் என்பது தெரிந்ததால் அவள் சாப்பிடவில்லை. வாரங்கள் போயின. விரதமென்றால் ஒரே வேளை என்பதால் மத்தியானச் சாப்பாடு மட்டும்தான்.

பசியில் எழுத்து கூர்மையாகிறது என்று முதலில் நம்பினாள். பசி வந்தால் பத்தும் பறந்துபோகும் என்பார்கள். அவளுக்கு முதலில் பறந்தது கோட்டையின் வடக்கு வாசல். எழில் என்றொரு வாசகி கேட்டிருந்தாள்: "அக்கா, போன மாசம் இடிஞ்ச வாசல் வழியா இன்னைக்குப் படை எப்படி நுழையுது?" அடுத்த வாரம் செத்துப்போன ராணி சபையில் பேசினாள். தலை சுற்றியது. ஆனாலும் ஒருநாள் விட்டால் மொத்த நாடும் கைவிட்டுப் போய்விடும் என்கிற பயம் அவளை உட்கார வைத்தது. நாட்டைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டே அதை அவள்தான் இடித்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் சாந்திராஜ் கடையிலிருந்து போன் செய்தார். "பிரியா காந்தி பஜார்ல மயங்கி வுழுந்துட்டா. குளுக்கோஸ் ஏத்தி வூட்டுக்கு இட்டுனு வந்துட்டாங்க. நீ போய்ப் பாரு."

ஜினப்பிரியா வாடிய கீரைபோலக் கட்டிலில் கிடந்தாள். பக்கத்தில் ஒரு பாத்திரத்தில் உப்புமா ஆறிக்கொண்டிருந்தது. ஜன்னலில் வெயில் மஞ்சளாகிவிட்டது.

"சுகர் எறங்கிடுச்சாம் அண்ணி. நானும் உங்களோட விரதம் எடுத்துட்டேன். மாத்திரைய மட்டும் வுடாம போட்டுனு வந்தேன்."

அனந்தமதிக்கு அப்போதுதான் உறைத்தது. சர்க்கரைக்காரி, மாத்திரையைப் போட்டுக்கொண்டு ராத்திரி முழுக்க வெறும் வயிற்றோடு கிடந்திருக்கிறாள்.

"மொதல்ல சாப்பிடு. பொழுது போவுது பாரு."

"நீங்க முடிக்கிற அன்னிக்குத்தான் நானும் முடிப்பேன்."

"சரி, நானும் இன்னியோட முடிச்சிக்கிறேன்." சுலபமாக வாயில் வந்துவிட்டது. இன்னொரு பொய், அதோடு எல்லாம் சரியாகிவிடும்.

ஜினப்பிரியா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்காக உங்க விரதத்த கெடுக்காதீங்க அண்ணி. அந்தப் பாவம் எனக்கு வேணாம். நான் இப்டியே இருந்துக்குறேன்."

இனி ஒளிய இடமில்லை.

"விரதமே இல்ல பிரியா. கதை எழுதினு இருந்தேன். நீ கேட்டதுக்கு ஆமான்னுட்டேன். யாரும் கூப்பிடாம இருந்தீங்க. அது நல்லா இருந்துது. அப்டியே வுட்டுட்டேன்."

ஜினப்பிரியா பிடித்திருந்த கையை எடுத்துக்கொண்டாள்.

"உங்க கால்ல வுழுந்து கும்பிட்டேனே."

அனந்தமதி தலையைக் குனிந்துகொண்டாள். விரதம் என்று நம்பி ஒருநாள் மாடிக்கே வந்து ஜினப்பிரியா கும்பிட்டபோது காலை இழுத்துக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை. அத்தியாயம் முடியாத எரிச்சல்தான் இருந்தது. அதை நினைக்க நினைக்க உடம்பு கூசியது.

ஜினப்பிரியா எழுந்து உட்கார்ந்து பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டாள். கோபத்தோடு சாப்பிட்டாள். நாலு வாய் போனதும் கேட்டாள்.

"அப்டி இன்னா கதை அது?"

அனந்தமதி சொன்னாள். ஆறுகளை, கோட்டையை, வரியை, சட்டங்களை. பேசப் பேசக் குரல் தேறியது.

"அந்த ஊரு ஜனங்க இன்னா சாப்பிடுவாங்க?"

அனந்தமதி யோசித்தாள். முதல் அத்தியாயத்திலிருந்து தேடினாள். அரண்மனையில் ஒரு சமையல்கட்டு இல்லை. போரிலிருந்து திரும்பியவனுக்கு யாரும் ஒரு பிடி சோறு போட்டதில்லை. ஏழு ஆறு ஓடிய நாட்டில் ஒரு வீட்டிலும் அவள் அடுப்பு மூட்டவில்லை.

"யாரும் சாப்பிடல" என்றாள்.

"அப்போ எல்லாரும் எப்பவோ செத்துருப்பாங்க" என்றாள் ஜினப்பிரியா.

அனந்தமதிக்கு அழுகை வந்துவிட்டது. ஜினப்பிரியா தேற்றவில்லை. பாதி உப்புமாவை ஒரு தட்டில் தள்ளி அவள் பக்கம் நகர்த்திவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.