மூன்றெழுத்தும் புளியங்கொட்டையும்

இந்தியா உலகக் கோப்பை ஜெயித்த வருஷம், ஆடி மாதம், என்னைப் பெண் பார்க்கச் சங்கரன்கோவில் கோயிலுக்கே வந்தார்கள். அன்று எனக்கு ஆடிச்சுற்று வேண்டுதல். கோயிலை ஒரு தடவை சுற்றினால் தூணடியில் ஒரு புளியங்கொட்டை போட வேண்டும். எண்ணி எடுத்த கைக்கொட்டை தீர்ந்தால் வேண்டுதல் முடிந்தது.

"சுத்து முடியுத வரைக்கும் வாயத் திறக்காத, ஏட்டி," என்றாள் அம்மா பிச்சம்மாள். இங்கிலீஷ் பி.ஏ. படித்த வாயாடி என்று ஏற்கெனவே இரண்டு இடம் கைநழுவியிருந்தது. போனால் போகட்டும் என்ற வீம்போடுதான் நானும் இறங்கினேன்.

மாப்பிள்ளை சங்கரபாண்டியன், சிவகிரி தபாலாபீஸ் குமாஸ்தா. அதே தூணில் சாய்ந்து இங்கிலீஷ் பேப்பரில் குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். பெண் பார்க்க வந்தவர் பேப்பரைப் பார்த்தால் எரிச்சல் வராதா? நான் கடக்கும்போது, கிரிக்கெட்டில் எடுப்பது, மூன்றெழுத்து என்று முணுமுணுத்தார். பாவி மனுஷன், இதுகூடவா தெரியாது! அடுத்த சுற்றில் பொறுக்கமாட்டாமல் "ரன்" என்று சொல்லிவிட்டேன்.

நிமிர்ந்து சிரித்தார். அந்தச் சிரிப்பில் விழுந்துவிட்டேன், சொல்ல என்ன வெட்கம்? இந்த இடம் போகக் கூடாது என்று அப்போதுதான் தோன்றியது.

அப்புறம் சுற்றுக்கொரு குறிப்பு. ஆறு செய்வது? சளி பிடித்த மூக்கு செய்வது? கடை நடத்துகிறவன் செய்வது? தேர்தலில் நிற்பவன் செய்வது? இங்கிலீஷில் எல்லாவற்றுக்கும் அதே ரன்தான். பேப்பரோ அவர் கக்கத்தில் மடிந்து கிடந்தது. குறிப்பெல்லாம் சொந்தச் சரக்கு! எனக்குத் தலை கிறுகிறுத்தது. சுற்றினதாலா, அவராலா, தெரியவில்லை. பதில் சொன்ன குஷியில் ஒவ்வொரு தடவையும் இரண்டு மூன்று கொட்டையாகப் போட்டிருக்கிறேன்.

கொட்டை தீர்ந்துவிட்டது. தன் பங்குக்கு எண்ணிக்கொண்டிருந்த அம்மாவின் கணக்கில், சுற்ற வேண்டியதில் பாதிகூட ஆகவில்லை. கணக்குத் தப்பினால் வேண்டுதல் செல்லாது, முதலிலிருந்து சுற்று என்று கொட்டைகளைப் பொறுக்கி என் கையில் திணித்தாள்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, அப்புறம் சொல்லி அனுப்புகிறோம் என்று மாப்பிள்ளையின் அம்மா எழுந்தாள். முந்தின இரண்டு இடத்தாரும் சொன்ன அதே 'அப்புறம்'.

சங்கரபாண்டியன் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு என் கையிலிருந்து பாதிக் கொட்டையை அள்ளினார். "நீங்க போங்கம்மா. கணக்கத் தப்ப வச்சது நாந்தான். கூட நானும் சுத்துதேன்."

நான் அம்மாவைப் பார்த்தேன்.

"இனி எதுக்கு வாய மூடணும்?" என்றாள். "பேசிக்கிட்டே சுத்து, மக்கா."

முதல் சுற்றிலேயே குறிப்பை நான் சொன்னேன். அவர் திணறினார்.