குப்புறப் படுத்த வீரன்

ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லி எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது. றெக்ஸ் கொழும்பில் ஏசி அறைக்குள் இருந்து ஃபோனில் கேட்கிறான். நான் காத்தான்குடியில் ஒரு புடவைக் கடையின் மேல்மாடியில், தகரக் கூரைக்குக் கீழே வெந்துகொண்டு பதில் சொல்கிறேன்.

“எறிக்கா, சண்டை எங்க?”

“சண்டை இல்ல றெக்ஸ். வழக்கு இருக்கு.”

“ராசா காலத்துக் கேம். வாளும் இல்ல, மந்திரமும் இல்ல. மண்ணை வெட்டுவமா, வெட்டாம விடுவமா எண்டு ஒரு ஊரே நிண்டு கதைச்சுக்கொண்டிருக்கு. இதை ஆர் விளையாடுவான்?”

யுத்தம் முடிந்த வருடம் அது. இனி என்ன செய்து பிழைக்கலாம் என்று ஊரெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தபோது, நானும் அஸ்பாக்கும் கொம்பியூட்டர் கேம் செய்யப் புறப்பட்டோம். நான் படம் கீறுவேன், அவன் புரோகிராம் எழுதுவான். கடை அவனுடைய மாமா சரீப்புடையது. அஸ்பாக்கின் கையில் டோஹாவுக்கு விசா இருந்தது. அவன் மனைவி ரிப்காவின் வயிற்றில் பிள்ளை இருந்தது. றெக்ஸின் கொம்பனி கேமை எடுத்தால் அவன் இங்கேயே நிற்பான், எடுக்காவிட்டால் விமானம் ஏறுவான். எல்லாம் அந்த ஒரு கேமில்தான் தொங்கிக்கொண்டு நின்றது.

கதை எங்கள் வாவியின் கதை. மாரி மழைக்கு வாவி நிரம்பினால் மேற்கே வயல்கள் மூழ்கும். கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கும் மணல் திட்டை வெட்டி விட்டால் தண்ணீர் வடியும். வயல்காரர் இன்றைக்கே வெட்டு என்பார்கள். மீன்காரரோ, வெட்டினால் இறாலும் மீனும் கடலோடு போய்விடும், பொறு என்பார்கள். இது இன்றைக்கும் நடக்கிற சண்டை. நாங்கள் அதை ஓர் அரசன் காலத்துக்குக் கொண்டுபோய் வைத்தோம். விளையாடுகிறவர் இரண்டு பக்கத்தையும் பேசிச் சம்மதிக்க வைத்து, சரியான நாளில் திட்டை வெட்ட வேண்டும். நான் அந்த இறாலை ஒவ்வொரு காலாகக் கீறினேன். யாருக்கு வேணும் இறாலின் கால்!

றெக்ஸ் ஒன்றும் அந்நியன் இல்லை. என்னைப் போல, போர்த்துக்கீசர் ஒல்லாந்தர் வழிவந்த மட்டக்களப்புப் பறங்கிதான், சுனாமிக்கு முன்பே கொழும்புக்குப் போய்விட்டவன். ஆத்திரம் என்னவென்றால் அவன் சொன்னதில் நியாயம் இருந்தது.

“வேலை முடிஞ்சு களைச்சு வாறவன் அரை மணித்தியாலம் விளையாடுவான். அவன் அடிச்சா ஒண்டு விழ வேணும். வாளுக்கு மொழிபெயர்ப்பு வேணாம், ஜப்பான்காரனுக்கும் விளங்கும். கொம்பியூட்டருக்கும் சுகம், வெட்டு விழுந்தா உயிர் நூறில பத்தைக் கழிச்சா சரி. மனம் மாறுறதை எப்பிடிக் கழிப்பாய்? மற்றது மந்திரம். மந்திரம் இருந்தா அரிசி எங்கால வந்தது, ஆர் விதைச்சது எண்டு ஒருத்தனும் கேக்கமாட்டான். அதாலதான் பழைய காலத்துக் கேம் எல்லாத்திலயும் இந்த ரெண்டும் இருக்கு. சோம்பல்தான். ஆனா விக்கும்.”

ஃபோனை வைத்துவிட்டு மேசையில் குத்தினேன். கை நொந்ததுதான் மிச்சம்.

“சண்டையப் போடுவம் அக்கா, என்ன வந்த?” என்றான் அஸ்பாக். உட்கார்ந்து எழுதினான். நான் வாளும் கேடயமும் கீறினேன். பக்கத்து அரசனின் படை வந்தது. அனுப்பினோம்.

மறுநாள் றெக்ஸ் சிரித்த சிரிப்பில் எனக்குக் காது அடைத்தது. “எறிக்கா, உங்கட வீரன் ஏன் குப்புறப் படுக்கிறான்?”

அப்போதுதான் விளங்கியது. ஆபத்து வந்தால் மனிதர்கள் என்ன செய்வார்கள் என்று அஸ்பாக் ஒரு விதி எழுதியிருந்தான். கதவைச் சாத்து, பிள்ளைகளைக் கீழே தள்ளு, தரையோடு தரையாகப் படு. ஊராருக்கும் வீரனுக்கும் அதே விதி. படுத்துக் கிடப்பவனைப் படை காணாது, தாண்டிப் போய்விடும். ஆகவே படுக்கும் பட்டனை மட்டும் அமத்திக்கொண்டிருந்தால் முழு யுத்தத்திலும் வென்றுவிடலாம். கொழும்பில் அப்படித்தான் ஒருவன் வென்றுவிட்டானாம். எங்கள் இருவருக்கும் அது பிழையாகவே படவில்லை. ஷெல் அடிக்கிறபோது வேறென்ன செய்கிறது? வாளோடு எழுந்து ஓடுகிறவனை நாங்கள் எங்கே கண்டோம்?

“வீரனை எழுப்பு. மற்றவங்க படுத்தா படுக்கட்டும்” என்றான் றெக்ஸ். “இனி மந்திரம். நீங்க கடற்கரையில இருக்கிறீங்க. வீரன் மந்திரம் சொல்றான், கடல் எழும்பி வந்து எதிரியின்ர ஊரை அப்பிடியே வழிச்சுக்கொண்டு போகுது. அதைப் போட்டா கொம்பனி எடுக்கும். நான் பொறுப்பு.”

சொல்லும்போது அவன் குரலில் ஒரு தடங்கலும் இல்லை. கடல் எழும்பி வந்த அன்றைக்கு அவன் இங்கே இல்லை.

நான் கீறினேன், அஸ்பாக்குக்காக. முதலில் நான் கண்டபடி கறுப்பாக, கூரையும் மாடும் மரமும் கலந்த சேற்றுச் சுவராகக் கீறினேன். “இது சாக்கடைக் கான்ல ஓடுற தண்ணி மாதிரி இருக்கு, அலை மாதிரி இல்லையே” என்றான் றெக்ஸ். பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டாவதைக் கீறினேன். நீலம், வெள்ளை நுரை, மேலே வளைவு. சவர்க்காரப் பெட்டியில் விளம்பரப் படமாகப் போடலாம். றெக்ஸ் துள்ளிக் குதித்தான்.

அஸ்பாக் அதைக் கேமுக்குள் பூட்டி ஓடவிட்டான். வீரன் கையை உயர்த்தினான். அலை வந்தது. எதிரியின் ஊரார் அது வரக் கண்டார்கள். பழைய விதி அவர்களுக்குள் அப்படியே இருந்தது. கதவைச் சாத்தினார்கள். பிள்ளைகளைக் கீழே தள்ளினார்கள். தரையோடு தரையாகப் படுத்தார்கள். அலை அவர்கள் மேல் போனது. மூலையில் புள்ளிகள் ஏறின.

நான் எழுந்து ஜன்னலடிக்குப் போய்விட்டேன். அஸ்பாக் பின்னாலேயே வந்து, “என்ன அக்கா? என்ன நடந்த?” என்றான்.

சொன்னேன். மம்மா சுனாமியில் போனது அவனுக்குத் தெரியும், எப்படிப் போனார் என்று தெரியாது. டச்பாரில் எங்கள் வீடு கடலுக்குக் கிட்ட. அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, நான் டவுனில் மாதா கோயிலுக்குப் போயிருந்தேன். கடல் இரைந்தபோது மம்மா ஷெல் என்று நினைத்துவிட்டார். வெளியே ஓடின பக்கத்து வீட்டுப் பேர்டி அங்கிள் கூப்பிட்டிருக்கிறார். “வெளிய நிக்காத பேர்டி, படு” என்று கத்திவிட்டு மம்மா கதவைச் சாத்தினாராம். கட்டிலுக்குக் கீழேதான் எடுத்தோம். எங்களை எத்தனையோ தடவை காப்பாற்றிய பழக்கம், அவரைக் கொன்றுபோட்டது.

அஸ்பாக் திரும்பிப் போய் கொம்பியூட்டருக்கு முன்னால் இருந்தான்.

“விடு. அப்பிடியே அனுப்பு” என்றேன்.

“ஏலா அக்கா.”

“விசர்க் கதை கதைக்காத. அது படம். நான் கீறின பொம்மை.”

“பொம்மைதான். ஆனா அவங்கள நான்தானே படுக்க வெச்ச. இத மாத்தாம அனுப்ப எனக்கு ஏலா.”

ரிப்காவை நினை, வரப்போகிற பிள்ளையை நினை என்று கத்தினேன். கீழே கடையில் புடவை பார்க்க வந்தவர்கள் நிமிர்ந்து பார்த்திருப்பார்கள். அவன் கேட்கவில்லை. விதியை மாற்றினான். கடல் இரைந்தால் ஊரார் வீட்டை விட்டு வாவிப் பக்கமாக ஓடுவார்கள், தோணி ஏறி அக்கரைக்குப் போவார்கள். அலை வெறும் வீடுகளைத்தான் அடிக்கும்.

றெக்ஸ் ஃபோனில் தலையில் அடித்துக்கொண்டது எனக்கே கேட்டது. “ஒருத்தரும் சாகாட்டி மந்திரம் என்னத்துக்கு? புள்ளி எங்கால வரும்?” அஸ்பாக், முடியாது என்றான். கொம்பனியும் முடியாது என்றது. அவன் டோஹாவுக்குப் போனான். எனக்கு றெக்ஸ் மேல் கோபம், கொம்பனி மேல் கோபம், எல்லாரையும் விட அஸ்பாக் மேல் கோபம். யார் இவனிடம் கேட்டது? நானே அனுப்பச் சொன்னேனே. வழியனுப்பக்கூட நான் போகவில்லை. அவன் கேமில் கடைசியாகச் செய்து வைத்ததைத் திறந்தும் பார்க்கவில்லை.

அவன் போய்க் கொஞ்ச நாளில் ரிப்கா மாடிப்படியில் மூச்சு வாங்க ஏறி வந்தாள். அவனுடைய சாமான்களை எடுத்துப் போக வந்தவள், பையைக் கீழே வைத்துவிட்டுக் கதிரையில் இருந்தாள்.

“அந்த கேமக் காட்டுங்க அக்கா. இவர் எதுக்காகப் போனாரெண்டு பாக்கணும்.”

போட்டேன். வீரன் கையை உயர்த்தினான். கடல் இரைந்தது. கதவுகள் திறந்தன. ஊர் முழுக்க வாவிப் பக்கமாக ஓடியது. கடற்கரையோர வீட்டிலிருந்து கடைசியாக ஒரு வயதான பெண் வெளியே வந்தாள். நான் கீறின உருவம்தான், கவுனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஓடினாள். மற்றத் தோணிகள் எல்லாம் போய்விட்டன. ஒன்று மட்டும் போகாமல் நின்றது. அலை அவள் வீட்டை உடைக்கிறபோதும் அது நின்றது. அவள் ஏறி இருந்த பிறகுதான் புறப்பட்டது.

இந்தத் தோணி எனக்குத் தெரியாது. என்னிடம் அவன் சொல்லவே இல்லை.

“அது ஒங்கட மம்மாவாம்” என்றாள் ரிப்கா. “போற அன்டைக்குச் சொன்னாரு. அவங்க ஏறுமட்டும் தோணி போகாதாம், எத்தின தரம் அலை வந்தாலும்.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. திரையைப் பார்த்தபடியே கையால் வாயைப் பொத்திக்கொண்டேன். ரிப்கா அழவில்லை. ஒரு கையை வயிற்றில் வைத்து, மற்றக் கையால் கதிரையைப் பிடித்து எழுந்து, பையை எடுத்துக்கொண்டாள்.

“ஒங்கட மம்மாக்குத் தோணி நிப்பாட்டி வெச்சிட்டுப் போனாரு அக்கா” என்றாள். “எனக்கு என்னத்த வெச்சிட்டுப் போனாரு?”