தக்கொராடியில் சம்பந்தம் விசாரித்தது

கோப்பாயில் யார் வீட்டிலாவது கல்யாணப் பேச்சு எழுந்தால், சாதகம் பார்க்க ஐயரிடம் போவார்கள். மாப்பிள்ளை பகுதியை விசாரிக்கச் சண்முகநாதனிடம் வருவார்கள். கூட்டுறவுச் சங்கத்தில் முகாமையாளராக இருந்து ஓய்வு பெற்ற மனிதர். அவருக்கென்று ஒரு முறை இருந்தது. மாப்பிள்ளையின் ஊர்ச் சந்தியில் பஸ்ஸால் இறங்குவார். கடையில் ஒரு சோடா வாங்கி, வாங்குப் பலகையில் குந்தி, மழை, வெங்காய விலை என்று தொடங்கி மெல்ல மெல்ல விஷயத்துக்கு வருவார். சொந்தக்காரனைக் கேட்கக்கூடாது, புளுகுவான். பகையாளியையும் கேட்கக்கூடாது, அவனும் புளுகுவான். பொதுவான ஆளாகப் பார்த்துப் பிடிக்க வேண்டும். மானிப்பாய் மாப்பிள்ளை ஒருவர் யாருக்கும் தெரியாமல் குடித்த குடியை ஒரு சோடாவோடு கண்டுபிடித்துக் கொண்டு வந்தவர் என்று ஊரில் அவருக்கு நல்ல பெயர்.

அப்பேர்ப்பட்டவருக்குச் சொந்த மகளே வேலை வைத்தாள். ஒரே பிள்ளை தயாளினி. கொழும்புக் கம்பனி ஒன்று அவளைக் கணக்காளராகக் கானா நாட்டுக்கு, தக்கொராடி என்கிற துறைமுகப் பட்டினத்துக்கு அனுப்பி இரண்டு வருடம் ஆகியிருந்தது. போன தை மாதம் வீடியோவில் வந்து, எபோ என்று ஒரு பெடியன், துறைமுகத்தில் எஞ்சினியர், அவனைக் கட்ட விருப்பம் என்றாள்.

"ஆனால் அப்பா, நீங்கள் ஓம் எண்டால்தான் செய்வன். மாட்டன் எண்டால் விட்டிடுவன்" என்றும் சொன்னாள்.

அங்கேதான் சண்முகநாதன் மாட்டிக்கொண்டார். 'நீங்கள் என்ன சொன்னாலும் கட்டுவன்' என்று அவள் துள்ளியிருந்தால் அவரும் நாலு சத்தம் போட்டுவிட்டுக் கிடந்திருப்பார். பிள்ளை முடிவைத் தூக்கி அவர் மடியில் வைத்துவிட்டாள். சொன்ன சொல் மாறாதவள் என்பதும் அவருக்குத் தெரியும். மனைவி அருந்ததிக்கு முழங்கால் வருத்தம், பிளேனில் அவ்வளவு நேரம் இருக்க ஏலாது. ஆகவே மிளகாய்த்தூள், புழுக்கொடியல், பருத்தித்துறை வடை எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு தனியாகவே வெளிக்கிட்டார்.

விமான நிலையத்தில் மகளைக் கண்டதும் முதலில் சொன்னது இதுதான். "பெடியனை இப்ப எனக்குக் காட்டாதை. அவையின்ரை வீட்டுக்கும் வரமாட்டன். முதல் விசாரிப்பன். அவன் இருக்கிற தெருவிலை மலிவா ஒரு ஹோட்டல் பார்த்து விடு."

தயாளினி இருந்தது கம்பனி விடுதியில், அங்கே ஆண்களை விடமாட்டார்கள். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அந்தத் தெருவிலை ஒரேயொரு ஹோட்டல்தான் இருக்கு அப்பா" என்றாள்.

நீலச் சுண்ணாம்பு அடித்த மூன்று மாடிக் கட்டடம். சண்முகநாதனுக்கு மேல்மாடியில் அறை கிடைத்தது. காற்றாடிக்கு ஒரே வேகம்தான், அது சூறாவளி வேகம். ஃபிறிட்ஜ் சத்தம் போட்டது, குளிராக்கவில்லை. கட்டிலின் தலைமாடு சுத்த வடக்கு. வடக்கே தலை வைத்துப் படுக்கலாமா? முதல் நாளே கட்டிலைத் திருப்பிப் போட்டார். பின்னேரம் வந்து பார்த்தால் துப்புரவு செய்கிறவள் பழையபடி திருப்பியிருந்தாள். இவர் திருப்ப, அவள் திருப்ப, இரண்டு பேரும் முகத்தைக்கூடப் பார்த்துக்கொள்ளாமல் அந்த வழக்கை நாளாந்தம் நடத்தினார்கள்.

குழாய்த் தண்ணீர் மேல்மாடிக்குப் பின்னேரத்தில்தான் ஏறும். ஆனால் விடிய எழும்பிக் கதவைத் திறந்தால் வாசலில் இரண்டு வாளி நிறையத் தண்ணீர் இருக்கும். யன்னலைத் திறந்தால் கருவாட்டுப் புகை மணம் வந்து, மயிலிட்டித் துறைக்குப் போன மாதிரி இருக்கும். மலிவு ஹோட்டலுக்கு இது காணும் என்று அவர் திருப்திப்பட்டுக்கொண்டார்.

ஹோட்டலை நடத்தியவள் எஃபுவா என்கிற மனுசி. அறுபது வயதிருக்கும். தலையில் மஞ்சள் துணி கட்டி, வரவேற்பு மேசையிலும் அவளே, குசினியிலும் அவளே. இரண்டாம் நாள் அவள் மீன் பொரியலோடு ஒரு கறுத்த சம்பலை வைத்தாள். கருவாட்டையும் இறாலையும் மிளகாயோடு எண்ணெயில் வதக்கி எடுத்த சாமான். சண்முகநாதன் ஒரு வாய் வைத்துவிட்டு இன்னும் இரண்டு கரண்டி அள்ளிப் போட்டுக்கொண்டார். பிறகு மேலே ஓடிப்போய்த் தன்னுடைய மிளகாய்த்தூளில் ஒரு போத்தல் கொண்டுவந்து மேசையில் வைத்தார். அவள் விரலில் தொட்டு நக்கிப் பார்த்து, கண்ணீர் வரச் சிரித்தாள். அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் ஒத்துப்போயிற்று. கதைத்தது ஆங்கிலத்தில்தான். ஆனால் சண்முகநாதன் அதைத் தன் மனதில் கோப்பாய்த் தமிழாக்கித்தான் கேட்டார், நானும் அப்படியே சொல்கிறேன்.

விசாரணை மட்டும் ஒரு அடி நகரவில்லை. தெருமுனைக் கடையில் சோடா வாங்கி, வாங்கில் இருந்து, மழையைப் பற்றிக் கதைத்து, "இஞ்சை எபோ எண்டு ஒரு பெடியன்..." என்று மெல்ல இழுத்தார். கடையில் நின்ற மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள். மூன்று பேரும் எபோ. அந்த ஊரில் பிறந்த கிழமையைப் பார்த்துத்தான் பெயர் வைப்பார்களாம். செவ்வாய்க்கிழமை பிறந்த ஆண்பிள்ளை எல்லாம் எபோ. சிகை வெட்டுகிறவனும் எபோ, தேவாலயத்தில் மத்தளம் அடிக்கிறவனும் எபோ. நாலாம் நாள் சண்முகநாதன் ஏழு சோடா குடித்து வயிறு ஊதினதுதான் மிச்சம். ஃபோனில் இருந்த அவனுடைய படத்தைக் காட்டிக் கேட்கலாம், ஆனால் அது முறையல்ல. படம் காட்டினால் அது விசாரணை இல்லை, பொலிஸ் வேலை.

அன்று பின்னேரம்தான் அவருக்குப் பளிச்சென்று விளங்கியது. பொதுவான ஆள் கண்ணுக்கு முன்னாலேயே இருக்கிறாளே! சொந்தமும் இல்லை, பகையும் இல்லை, தெருவில் எல்லாரையும் தெரிந்தவள்.

எஃபுவா முற்றத்தில் பிளாஸ்ரிக் கதிரையில் இருந்து பயற்றங்காய் உடைத்துக்கொண்டிருந்தாள். அவர் இன்னொரு கதிரையை இழுத்துப் போட்டார்.

"துறைமுகத்திலை எஞ்சினியரா ஒரு எபோ இருக்கிறாராம். இந்தத் தெருதான். உங்களுக்கு ஆளைத் தெரியுமோ?"

அவள் கை கொஞ்சம் நின்றது. "தெரியும். நல்லாய்த் தெரியும்."

"ஆள் எப்பிடி?"

"உழைப்பாளி. பொய் சொல்லத் தெரியாது. ஆனால் சாப்பிட்ட கோப்பையைக் கழுவமாட்டான். பந்தடியிலை தோத்தால் ரெண்டு நாளைக்கு முகத்தை நீட்டிக்கொண்டு திரிவான்."

சண்முகநாதனுக்கு மனம் குளிர்ந்தது. குறையும் சேர்த்துச் சொல்கிறாள், இதுதான் சாட்சி. "தாய்க்காறி?"

"அவவோ? வாய் கொஞ்சம் நீளம். ஒருத்தற்றை சொல்லும் கேக்கமாட்டா. சமையல் மட்டும் குறை சொல்ல ஏலாது."

"தகப்பன்?"

எஃபுவா பயற்றங்காயை மடியில் வைத்தாள். பிறகு, "இருக்கிறார், குமாசியிலை. பெடியனுக்கு ஆறு வயசாய் இருக்கேக்கை வேறை ஒருத்தியோடை போனவர். பிறகு இந்தப் பக்கம் வரேல்லை" என்றாள்.

அவ்வளவுதான். தகப்பன் குடும்பத்தை விட்டுப் போன இடத்தில் பெண் கொடுப்பதா? எத்தனையோ பேருக்கு இதைவிடச் சின்னக் காரணத்துக்கு வேண்டாம் என்று சொல்லி அனுப்பியவர் அவர். வேலை முடிந்தது. சண்முகநாதனுக்கு வந்தது கவலை அல்ல, ஒரு நிம்மதி. அது ஏன் வந்தது என்று அவர் யோசித்துப் பார்க்கவில்லை.

அருந்ததிக்கு அங்கே பதினொரு மணி என்றால் இங்கே கோழி கூவுகிற நேரம் என்பது எத்தனை தரம் சொல்லியும் தலைக்குள் ஏறவில்லை. மறுநாளும் மரக்கறி வெட்டிக்கொண்டே ஃபோன் எடுத்தாள்.

"இஞ்சேருங்கோ, என்ன சங்கதி?"

"சரிவராது. தகப்பன் விட்டிட்டுப் போன குடும்பம்."

அந்தப் பக்கம் கத்திச் சத்தம் நின்றது. "அவள் பாவம். ஆர் அவளிட்டைச் சொல்லுறது?"

"நான்தான். பின்னேரம் வருவாள், சொல்லுறன். நீர் அழாதையும்."

சத்தம் விட்டுவிட்டு வந்தது. சரியாகக் கேட்கட்டும் என்று கதவைத் திறந்து நடைக்கு வந்தார். படி முடிகிற இடத்தில், இரண்டு கையிலும் இரண்டு வாளியோடு, காற்சட்டை நனைய ஒரு பெடியன் நின்றான். ஃபோனில் அருந்ததி அனுப்பிய படத்தில் மஞ்சள் தொப்பியோடு பல்லைக் காட்டிக்கொண்டு நின்ற அதே முகம். இப்போது பல்லைக் காட்டவில்லை.

"குட் மோர்னிங், சேர்" என்றான்.

கீழே குசினியிலிருந்து எஃபுவா, "எபோ!" என்று கூப்பிட்டு ஏதோ சொன்னாள். "மா!" என்று அவன் பதில் குரல் கொடுத்தான். அந்த ஒரு சொல்லுக்கு எந்த ஊரிலும் மொழிபெயர்ப்பு வேண்டாம்.

சண்முகநாதன் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு படியில் தடதடவென்று இறங்கினார்.

"நீங்களோ பெடியன்ரை தாய்?"

அடுப்படியில் நின்றவள் திரும்பினாள். "ஓம்."

"எனக்கேன் சொல்லேல்லை?"

"நீங்கள் அதைக் கேக்கேல்லையே. தாய் எப்பிடி ஆள் எண்டுதான் கேட்டனீங்கள், சொன்னன். உங்கடை மகள் முதலே சொல்லிவிடச் சொன்னவள். நான்தான் பொறு எண்டனான். நீங்கள் மட்டும்தான் விசாரிக்கிறதோ? என்ரை பிள்ளை எப்பிடியான வீட்டுக்குள்ளை போகப்போறான் எண்டு நானும் பாக்க வேண்டாமோ?"

சண்முகநாதனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஏழு சோடாவும் வீண். கோப்பாய் முழுவதுக்கும் விசாரித்துக் கொடுத்தவரை இங்கே ஒருத்தி நாலு நாள் உட்காரவைத்து விசாரித்திருக்கிறாள், அதுவும் மீன் பொரித்துக் கொடுத்து. ஆனால் கேட்க வேண்டிய கேள்வி வேறொன்று இருந்தது.

"தகப்பன்ரை கதையை மறைச்சிருக்கலாமே. ஏன் சொன்னனீங்கள்?"

எஃபுவா அடுப்பைக் குறைத்தாள். "அதுக்குப் பேந்து வாறன். முதல் என்ரை முறை. உங்கடை மகள் சொன்ன மாதிரி எனக்கும் ஒரு பொதுவான ஆள் வேணும், இந்த ஊரிலை கோப்பாய்க்காறர் நீங்கள் ஒருத்தர்தான். சொல்லுங்கோ, பெட்டையின்ரை தகப்பன் எப்பிடி ஆள்?"

சண்முகநாதன் குசினிக் கதிரையில் பொத்தென்று இருந்தார்.

"பிடிவாதக்காறன்" என்றார். "உப்புக் குறைஞ்சால் ஊர் கேக்கக் கத்துவான். ஊர் வீட்டுக் குறையெல்லாம் பொறுக்கிக்கொண்டு திரிவான்."

"உதெல்லாம் நான் கண்டதுதானே. வேறை?"

"அவனுக்கு ஒரேயொரு பிள்ளை." சொல்லிவிட்டு மேசைத் துணியின் கரையைப் பிடித்து நேராக்கினார். நேராகத்தான் இருந்தது, ஆனாலும் நேராக்கினார். "உண்மையைச் சொன்னால், அவன் உங்கடை பெடியனிலை ஒரு குறையும் காணேல்லை. தகப்பன் போனதுக்குப் பெடியன் என்ன செய்வான், அதுவும் அவனுக்கு விளங்கும். பிள்ளை இவ்வளவு தூரத்திலை நிண்டிடுவாள் எண்ட பயம். அதை வாயாலை சொல்ல வெக்கம். அதுதான் ஏதும் பழுது கிடைக்குமோ எண்டு தேடித் திரிஞ்சவன். கிடைச்ச உடனை சந்தோசப்பட்டவன்."

சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. அந்நிய மனுசிக்கு முன்னால் கண்ணைத் துடைக்க வேண்டி வந்ததே என்று அவருக்கு வெட்கமாக இருந்தது, ஆனால் நெஞ்சு லேசாகியும் இருந்தது.

எஃபுவா கதிரையை இழுத்து எதிரே இருந்தாள்.

"கலியாணம் முடிச்சு உங்கடை ஊருக்கே போய் இருப்பம் எண்டு எபோ சொல்லிக்கொண்டு திரியிறான், தெரியுமோ? 'அவளுக்கு அப்பா அம்மாவை விட்டிட்டு இருக்க ஏலாது மா' எண்டுறான். காங்கேசன்துறைத் துறைமுகத்திலை வேலை இருக்குமோ எண்டு ராவிலை ஃபோனிலை தேடுறான். எனக்கும் அவன் ஒருத்தன்தான்." அவள் கைவிரல்களைப் பார்த்தாள். "தகப்பன்ரை கதை உண்மை, மறைக்கிறது பிழை. ஆனால் அதுக்காக மட்டும் சொல்லேல்லை. அதைக் கேட்டால் இந்த மனுசன் வேண்டாம் எண்டிட்டுப் போயிடும், என்ரை பிள்ளை என்னோடையே இருப்பான் எண்டும் நினைச்சன்."

சண்முகநாதன் அவளை உற்றுப் பார்த்தார். நாற்பது வருடம் ஊரூராகப் போய் விசாரித்ததில் இப்படி ஒரு சாட்சியை அவர் கண்டதில்லை. தன்னைப்போலவே ஒரு கள்ளத்தனம், தன்னைப்போலவே ஒரு பயம். முதலில் அவள்தான் சிரித்தாள். பிறகு அவருக்கும் அடக்க முடியவில்லை. இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வர மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள்.

"இப்ப என்ன செய்யிறது?" என்றாள் எஃபுவா.

"எங்கை இருக்கிறது எண்டதை அதுகள் யோசிக்கட்டும். நாங்கள் ரெண்டு பேரும் குறுக்கை நிக்காமல் இருந்தால் காணும்."

அதற்குள் ஃபோன் திரும்ப அடித்தது. அருந்ததி மூக்கை உறிஞ்சினாள். "பாதியிலை விட்டிட்டு எங்கை போனனீங்கள்? இஞ்சேருங்கோ, பிள்ளையிட்டைக் கொஞ்சம் பதமாச் சொல்லுங்கோ. நல்லாய் விசாரிச்சனீங்கள்தானே? பிறகு பழி வரக்கூடாது."

சண்முகநாதன் நிமிர்ந்து பார்த்தார். படியின் பாதியில் எபோ இறங்கவும் தெரியாமல் ஏறவும் தெரியாமல் வெறும் வாளியோடு நின்றான். அடுப்படியில் அவன் தாய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். அவளுக்குத் தமிழ் தெரியாது, ஆனாலும் கரண்டி அசையவில்லை.

"ஓம், இப்பதான் விசாரிச்சு முடிச்சனான்" என்றார். "நல்ல இடம்தான் அருந்ததி. கொஞ்சம் தூரம், அவ்வளவுதான்."