நன்றாகத் தூங்குபவர்

மருத்துவமனைச் சுவரில் மாட்ட, ‘நல்ல தூக்கம் பெறுவது எப்படி’ என்ற விளக்கப்படத்தை அன்று மாலைக்குள் டிசைனர் முடித்தாக வேண்டும். படுக்கை, நிலா, அணைத்த செல்போன் எல்லாம் வரைந்தாகிவிட்டது. நன்றாகத் தூங்கும் ஒருவரின் ஒரு வாரத் தூக்க வரைபடம் மட்டும் பாக்கி.

“என் வீட்டுக்காரரோடதையே போட்டுடறேன். தலைமாட்டுல மேளம் அடிச்சாலும் எழுந்திரிக்க மாட்டாரு,” என்று பக்கத்து மேஜைத் தோழியிடம் சொல்லிக்கொண்டே, கணவரின் ஸ்மார்ட் கைக்கடிகாரம் பதிந்த தூக்கக் கணக்கைத் தன் போனில் திறந்தாள். அவர் பள்ளிப் பேருந்து ஓட்டுநர்.

முதல் நாள் இரண்டு மணி நேரம். மறுநாள் ஒன்றரை. ஏழு நாளும் அப்படியே. பள்ளி விடும் நேரம் என்பது உறைக்க, அவள் எழுந்து நின்று போன் செய்தாள்.

“எங்க இருக்கீங்க?”

“பள்ளிக்கூட வாசல்ல. பசங்க ஏறிட்டிருக்காங்க.”

“ராத்திரியில நீங்க தூங்கறதே இல்லையா?”

“என் குறட்டையால தூக்கமே போச்சுன்னு புலம்பினியே. உன் இந்தப் பட வேலை முடியிற வரைக்கும் நீயாவது தூங்கட்டுமேன்னு முழிச்சிருந்தேன்.”

ஒரு வாரமாக அவள் அடித்துப் போட்டதுபோல் தூங்கியிருந்தாள்.

“சாவிய எடுத்துட்டுக் கீழ இறங்குங்க.”

“எனக்கு ஒண்ணும் இல்லடி.”

“இறங்குங்க. மாத்து டிரைவர் வரட்டும்.”

இன்ஜின் இரைச்சல் நின்றது.

“இறங்கிட்டேன்,” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். “நேத்து சிக்னல்ல ஒரு நிமிஷம் கண் அசந்துட்டேன். வண்டி நிறையப் பசங்க.”

அவள் நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தாள்.